கரண்டு வந்தாலும் ஓடாத மோட்டார்

எனக்குப் பிடித்த கடைகள், பொருளைக் கையால் காட்டி வாங்கக்கூடிய கடைகள். காய்கறிக் கடையில் தக்காளியைக் காட்டலாம். பேக்கரியில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற பன்னைக் காட்டலாம். எலெக்ட்ரிக் கடை அப்படி இல்லை. அங்கே எல்லாமே அட்டைப் பெட்டிக்குள் இருக்கும். பெட்டிகள் எல்லாம் பார்க்க ஒரே மாதிரி, கூரை வரை அடுக்கியிருக்கும். வேண்டியது என்னவென்று வாயால்தான் சொல்ல வேண்டும். அதுவும் நாலு பேர் நிற்கிற இடத்தில், அவர்கள் காதில் விழும்படி. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவின்போது என் பெயர் நெருங்க நெருங்க, 'உள்ளேன் ஐயா' சொல்வதற்கே எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். பத்தாவதோடு படிப்பு நின்றது. நெஞ்சு அடிப்பது ஐம்பதை நெருங்கியும் நிற்கவில்லை. இந்தச் சுபாவத்தோடு மோட்டாருக்கு ஒரு சுவிட்ச் வாங்கப் போய், கொடைக்கானலுக்கு மூன்று தடவை பஸ் ஏறினேன்.

பண்ணைக்காட்டுக்குக் கீழே எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. காப்பிக்கு ஊடே மிளகுக்கொடியும் மலைவாழையும். பழம் பறிக்கிற காலத்தில் அன்றன்று பறித்ததை அன்றன்றே தோல் உரித்துவிட வேண்டும். மூட்டையில் ஒரு ராத்திரி கிடந்தால் பழம் சூடேறிப் புளித்துவிடும். அந்த வாடை கொட்டையில் ஏறினால் எவ்வளவு கழுவினாலும் போகாது. தோல் உரிக்கப் பல்ப்பர் மிசின் ஒன்று வைத்திருக்கிறோம். மேலே அகலமான வாய். அதில் பழத்தையும் தண்ணீரையும் விட்டால், உள்ளே சொரசொரப்பான செம்புத் தகடு சுற்றிய உருளை, பழத்தைப் பிதுக்கித் தோலை ஒரு பக்கமும் கொட்டையை மறுபக்கமும் தள்ளிவிடும். பல வருடம் அதைக் கைச்சக்கரம் வைத்துத்தான் சுற்றினோம். நான் சுற்றுவேன், என் மனைவி மிசினின் வாய்க்குள் பழத்தைத் தள்ளுவாள். நான் களைத்தால் இடம் மாறிக்கொள்வோம். ஆனால் மிசின் வாயில் அவள் நிற்பதுபோல் என்னால் நிற்க முடியாது. பழத்தோடு வருகிற கல்லையும் குச்சியையும் அவள் பார்ப்பதில்லை. தள்ளுகிற விரலே கண்டுபிடித்து எடுத்து வெளியே எறிந்துவிடும். நான் நின்றால் கல் உள்ளே போய் உருளை கடகடக்கும்.

அவளுக்கு வலது தோள்பட்டை பிடித்துக்கொண்ட பிறகு மோட்டார் மாட்டினோம். மாட்டியது அவள் தம்பி. மலையில் புதிது புதிதாக வருகிற தங்கும் விடுதிகளுக்கு வயரிங் செய்கிறவன். ஒரு எச்.பி. மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்து, பெல்ட் போட்டு, வீட்டுக் கதவுக்குப் பின்னால் சுவரில் ஒரு சுவிட்சைப் பொருத்தினான். விளக்குக்குப் போடுகிற சுவிட்ச் மாதிரிதான். கொஞ்சம் தடியாக இருந்தது. மழை படாத இடம் என்று அவனே மெச்சிக்கொண்டான்.

அந்த வருடப் பறிப்பு அப்போதுதான் சூடு பிடித்திருந்தது. ஒரு மத்தியானம் மிசின் சட்டென்று நின்றது. கல் மாட்டியிருக்கிறது என்று மனைவி வழக்கம்போல வாய்க்குள் கையை விட்டாள். கல் மாட்டவில்லை; கரண்டு போயிருந்தது. வெயில் அடிக்கிற நேரத்தில், வெளியில் நின்று வேலை செய்கிறவளுக்கு அது எப்படித் தெரியும்? கதவுக்குப் பின்னால் சுவிட்ச் போட்டது போட்டபடி இருந்தது. அவள் இல்லாத கல்லைத் தேடிக்கொண்டிருக்கும்போதே கரண்டு வந்துவிட்டது.

நான் கொஞ்சம் தள்ளிக் கூடையைக் கொட்டிக்கொண்டிருந்தேன். அவள் போட்ட சத்தத்தில் ஓடிப்போனேன். ஸ்வெட்டரின் கை உருளைக்குள் போய்க்கொண்டிருந்தது. அவள் ஒரு காலை மிசினில் ஊன்றிப் பின்னால் சாய்ந்து இழுத்தாள். ஸ்வெட்டர் முழங்கையிலிருந்து கிழிந்தது, அவள் மல்லாக்க விழுந்தாள். பெல்ட் தளர்ந்திருந்ததால் உருளை திணறி வழுக்கியிருக்கிறது. இறுக்கமாக இருந்திருந்தால் ஸ்வெட்டரோடு நின்றிருக்காது. அவள் கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். ஒரு நகம் மட்டும் கறுத்திருந்தது.

"எண்ணிட்டீங்களா? எல்லாம் இருக்கா?" என்றாள். சிரிக்க வைக்கத்தான் சொன்னாள்.

எழுந்ததும் முதல் வேலையாக மோட்டாரின் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு போய் ஆணியில் மாட்டினாள். கைச்சக்கரத்தைத் தேடி எடுத்து வந்து போட்டாள். அன்று சாயங்காலம் அவள் தம்பி வந்தான்.

"கரண்டு போனா, போயி சுவிட்ச்ச அமத்திர வேண்டியதுதானக்கா. அது ஒரு சோலியா?"

"ஏலே, கரண்டு போச்சா கல்லு மாட்டுச்சான்னு எனக்கு எப்புடிலே தெரியும்? மிசினு நின்னா கைய விடத்தான் செய்வேன். 'அக்கா வர்றேன், கைய எடுத்துக்க'ன்னு கரண்டு சொல்லிட்டா வரும்?"

அவன் தலையைச் சொறிந்தான். அக்காவின் கறுத்த நகத்தைப் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"மச்சான், இதுக்கு ஸ்டார்ட்டர்தான் போடணும். கொடைக்கானல்ல பாய் கடையில இருக்கும். வாங்கியாந்துருங்க, ஒரு பொழுதுல மாட்டித் தாரேன். எனக்கு செண்பகனூர்ல வேலை கெடக்கு."

எந்த ஸ்டார்ட்டர் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் பைக்கை உதைத்துவிட்டான். மோட்டாரில் ஒட்டியிருந்த தகட்டை மட்டும் போனில் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாளிலிருந்து பழையபடி கைச்சக்கரம். இருட்டும் வரை சுற்றியும் மூட்டை மிஞ்சியது. நானே சுற்றிக்கொள்கிறேன் என்றாலும் அவள் கேட்பதில்லை. பழம் மரத்தில் சிவந்து நிற்கும்போது அவளால் சும்மா இருக்க முடியாது. கொஞ்ச நாளில் தோள்பட்டை வீங்கிவிட்டது. மோட்டார் இல்லாமல் அவள் தோள் தாங்காது; இப்படியே மோட்டாரை ஓட்டினால் கை மிஞ்சாது. சரியான சுவிட்ச் ஒன்றுதான் வழி. அதை நான் கடையில் போய்க் கேட்க வேண்டும்.

முதல் தடவை போனபோது, சொல்ல வேண்டிய வாக்கியத்தைப் பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்தேன். பெருமாள்மலை தாண்டும் வரை நன்றாக இருந்தது. செண்பகனூரில் பாதி மறந்தது. பஜாரில் கடை வாசலில் ஆறேழு பேர் நின்றார்கள். எல்லோரும் உரக்கவும் தெளிவாகவும் கேட்டு வாங்கினார்கள். நான் ஓரமாக நின்றேன். யாருக்காகவோ காத்திருக்கிறேன் என்று கடைப் பையன்கள் நினைத்திருக்க வேண்டும். கடைசியில் பாய் என்னைப் பார்த்து, "அண்ணனுக்கு என்ன?" என்றார். எல்லோரும் திரும்பினார்கள். கல்லா மேசைக்கு மேலே சரமாகத் தொங்கிய கறுப்பு டேப்பை நோக்கி என் விரல் தானாக நீண்டது.

டேப்பை வாங்கிக்கொண்டு வீடு வந்தேன்.

மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது எதுக்கு? கை துண்டாப் போனா ஒட்டிக்கிறதுக்கா?"

அடுத்த வாரம் மறுபடி போனேன். இந்தத் தடவை கூட்டம் இல்லை. நான் ஆரம்பித்தும் விட்டேன். "மோட்டாருக்குங்க பாய்... அடிக்கடி கரண்டு போயிப் போயி வருதுங்களா... அதுக்கு..."

"எந்த ஊருண்ணே?"

"பண்ணைக்காடுங்க."

"அவ்வளவுதான், புரிஞ்சுருச்சு" என்று பாய் உள்ளேயிருந்து ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். மோட்டார் படத்தைக் காட்டச் சொன்னார், பார்த்தார், தலையாட்டினார். எனக்கோ, மீதி வாக்கியத்தைச் சொல்லாமலே வேலை முடிந்த சந்தோஷம். நன்றியோடு வாங்கிக்கொண்டேன்.

அவர் என்ன புரிந்துகொண்டார் என்பது பஸ்ஸில் பெட்டியைப் படித்தபோதுதான் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் தோட்டத்துப் பம்ப் எல்லாம் கீழே ஓடையில் இருக்கும், வீடு மேட்டில் இருக்கும். கரண்டு போய் வருகிற ஒவ்வொரு தடவையும் சரிவில் இறங்கிப் போய் ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை அமுக்க யாருக்கும் கால் வராது. அதனால் பொத்தானை உள்ளே தள்ளி, அது திரும்பி வராதபடி ஒரு காப்பிக் குச்சியைச் சீவிச் செருகிவிடுவார்கள். கரண்டு வந்ததும் பம்ப் தானே ஓடும். ஊரில் குச்சி செருகாத ஸ்டார்ட்டர் கிடையாது. கொஞ்சம் வசதி வந்தவர்கள் குச்சிக்குப் பதிலாக அதே வேலையைச் செய்கிற ஆட்டோ பெட்டியை வாங்கி மாட்டுவார்கள். எனக்கும் அதைத்தான் கொடுத்திருந்தார். பெட்டி மேல் பெரிய எழுத்தில், கரண்டு வந்தவுடன் மோட்டார் தானாக இயங்கும் என்று போட்டிருந்தது.

வீட்டில் மனைவியும் அதைப் படித்தாள். கோபப்படவில்லை. "முன்னாடி ஏதோ மறந்துபோயி ஓடுச்சு. இனிமே ஞாபகமா ஓடும்" என்றாள்.

போனில் சொன்னபோது மச்சினன், "பரவால்ல மச்சான், அத நம்ம பம்புக்கு மாட்டிக்குவம். குச்சி செருகுற வேலை மிச்சம்" என்றான். எனக்கும் அது நல்ல வழியாகத்தான் பட்டது. திருப்பிக் கொண்டுபோக வேண்டாம். வாங்கிய பொருளைத் தப்பு என்று ஒரு கடைக்காரரிடம் சொல்ல வேண்டாம்.

மறுநாள் காலையில் அவள் இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். இடது கையால் கரைத்தாள். வலது கையை வயிற்றோடு ஒட்டி வைத்திருந்தாள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, சட்டென்று வலது கைக்கு மாற்றிக்கொண்டாள். கரண்டி பாத்திரத்தின் ஓரத்தில் இடித்தது.

நான் சட்டையை மாட்டினேன்.

"இவ்வளவு வெள்ளனே எங்க?"

"கடைக்கு."

"பேசுவீங்களா?"

வெளியே தூறல். பெட்டி நனையாமல் இருக்க, கதவோரம் கிடந்த பழைய துணியில் அவசரமாகச் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு வண்டியைப் பிடிக்க ஓடினேன்.

கடையில் அன்றைக்குப் பார்த்து நல்ல கூட்டம். லாட்ஜ் வேலைக்கு ஒயர் வாங்க வந்த இரண்டு பேர், வெந்நீர் கீசர் ரிப்பேருக்கு வந்த அட்டுவம்பட்டிக்காரர் ஒருவர், இன்னும் யார் யாரோ. பாய் என்னைக் கண்டதும் அடையாளம் பிடித்துக்கொண்டார்.

"வாங்கண்ணே. என்ன, ஓடலையா?"

"ஓடக்கூடாதுங்க."

"என்னது?"

"மோட்டாருங்க. கரண்டு வந்தாலும் ஓடக்கூடாது."

ஒயர்க்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். "அப்ப மோட்டாரே எதுக்குண்ணே? பூ போட்டுக் கும்பிடவா?"

"கரண்டு பில்லு மிச்சமாகும்ல" என்றார் இன்னொருவர். கடையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். என் காது சுட்டது. டேப் சரம் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் இருக்கக் கஷ்டப்பட்டேன்.

பாய் நான் மேசைமேல் வைத்த பைக்குள்ளிருந்து பெட்டியை எடுத்துச் சுற்றியிருந்த துணியைப் பிரித்தார். பிரித்தபோதுதான் நானும் பார்த்தேன். அது அந்த ஸ்வெட்டர். முழங்கைக்குக் கீழே கந்தலாக, காப்பிப் பழத்தின் கறையோடு தொங்கியது.

"இது என்னண்ணே?"

"வீட்டுக்காரம்மாவோடதுங்க. கரண்டு போயிருந்தப்ப மிசினுக்குள்ள கைய விட்டிருக்கா. கரண்டு வந்து இழுத்துருச்சு."

சிரிப்பு நின்றது. பாய் கிழிசலை விரித்துப் பார்த்தார். "கை?"

"இருக்குதுங்க."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். "உக்காருங்க. நீங்க கரண்டுன்னதும், பண்ணைக்காடுன்னதும், நான் பம்புதான்னு முடிவு பண்ணிட்டேன். அந்தப் பக்கத்து ஆளுக வேற எதுவும் கேட்டதே இல்லைண்ணே. மிசினு என்னதுன்னு மொதல்லருந்து சொல்லுங்க."

சொன்னேன். பழம் விழுவது, கல் மாட்டுவது, மிசின் நின்றால் கரண்டா கல்லா என்று தெரியாதது. என் குரலை நானே கேட்டுக்கொண்டிருந்தேன். அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

பாய் ஒரு சாம்பல் நிறப் பெட்டியை எடுத்துத் திறந்து காட்டினார். பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான். "பச்சைய அமுக்குனா உள்ள இருக்கிற காயில், அதான் கம்பிச்சுருள், இழுத்துப் பிடிச்சுக்கிரும். கரண்டு போனா பிடி விட்டுரும். திரும்பி வந்தா அது பாட்டுக்குப் பிடிக்காது. ஒரு மனுசன் வந்து பச்சைய அமுக்கணும்."

"கல்லு மாட்டிக்கிட்டா?" என்று கேட்டது நான் இல்லை, கீசர்க்காரர். அவரும் பக்கத்தில் வந்து நின்றிருந்தார்.

"அதுக்குத்தான் இந்த ரிலே. சுத்த முடியாம மோட்டாரு கூடுதலா கரண்ட இழுத்தா, இது தட்டி விட்டுரும்." என் போனில் இருந்த தகட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அதற்குத் தக்க ரிலேயைத் தேடினார். அளவு கூடுதலாகப் போட்டால் மோட்டார் புகைந்தாலும் தட்டாதாம்; குறைவாகப் போட்டால் கிளம்பும்போதே தட்டிவிடுமாம். தட்டிய பிறகு தானாகச் சேர்ந்துகொள்கிறபடியும் வைக்கலாம், கையால் அமுக்கினால்தான் சேருகிறபடியும் வைக்கலாம் என்றார். நான் கேட்பதற்கு முன்னால் அவரே, "உங்களுக்குக் கையாலதான்" என்று திருகை மாற்றி வைத்தார்.

"சரி, எங்க மாட்டப் போறீங்க?"

"கதவுக்குப் பின்னாடிங்க. பழைய சுவிட்ச்சு அங்கதான் இருக்கு."

"அவங்க நிக்கிறது?"

"வெளிய, மிசின்கிட்ட."

"கை மாட்டுனா கதவுக்குப் பின்னாடி யாரு ஓடுறது?" என்றார். உருண்டைத் தலை வைத்த ஒரு சிவப்புப் பொத்தானை எடுத்தார். குடைவிரித்த காளான் மாதிரி இருந்தது. "ஸ்டார்ட்டரு எங்க வேணாலும் இருக்கட்டும். இது அவங்க பக்கத்துல இருக்கணும். இத அமுக்குனா உள்ளயே நின்னுக்கிரும். திருகி விடுற வரைக்கும் பச்சைய எத்தனை தடவ அமுக்குனாலும் ஓடாது. அவங்க எப்புடி நிப்பாங்க? எந்தக் கையால தள்ளுவாங்க?"

வாயால் சொல்லிப் பார்த்தேன், வரவில்லை. ஸ்டூலிலிருந்து எழுந்தேன். கடை நடுவில், மேசையை மிசினாக வைத்துக்கொண்டு, என் மனைவி நிற்பதுபோல் நின்றேன். இடது காலை முன்னால் வைத்து, இடுப்பை மிசினில் சாய்த்து, வலது கையால் பழத்தைத் தள்ளி, நடுவில் கல் பட்டதும் விரலால் சுண்டி எறிந்து, இடது கையால் தண்ணீர்க் குழாயை ஒதுக்கினேன். முன்தானையை இடுப்பில் செருகுவதையும் செய்துவிட்டேன் என்று நினைக்கிறேன். இத்தனை வருடம் எதிரே நின்று சக்கரம் சுற்றிப் பார்த்தது எல்லாம் உடம்பில் இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. பூ போட்டுக் கும்பிடச் சொன்ன ஒயர்க்காரர், "இடது தொடைக்கு நேரா வைக்கணும் பாய். ரெண்டு கையும் மாட்டுனாக்கூடத் தொடையால இடிச்சு நிறுத்திரலாம்" என்றார்.

பாய் அதற்கு ஏற்றபடி தண்ணீர் புகாத டப்பாவும் நீளமான கேபிளும் எடுத்து வைத்தார். ஆட்டோ பெட்டியை அலமாரியில் பழைய இடத்தில் செருகிக்கொண்டார். ஸ்வெட்டரை மடித்து, தூசி தட்டி, என் கையில் கொடுத்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மேகம் விலகிப் பள்ளத்தாக்கு முழுவதும் தெரிந்தது. எனக்கு நல்ல பசி. எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த பசி.

அடுத்த நாள் மச்சினன் வந்து, ஸ்டார்ட்டரைக் கதவுக்குப் பின்னாலும் காளான் பொத்தானை மிசின் பக்கத்திலும் மாட்டினான். மாட்டி முடித்ததும் மனைவி பெல்ட்டை ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்; அதைப் போட்டதும் அவனை வீட்டு மெயினை அணைத்துப் போடச் சொன்னாள். மிசின் ஓடிக்கொண்டிருக்கும்போது அவன் மெயினை அணைத்தான். ஸ்டார்ட்டர் 'டக்' என்று பிடியை விட்டது. மெயினைப் போட்டான். மிசின் அசையவில்லை. மறுபடி செய்யச் சொன்னாள். மறுபடியும். ஒரு வாழைமட்டையை மிசின் வாயில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"போதும்க்கா, ஸ்டார்ட்டரு தேஞ்சு போயிரும்."

"தேயட்டும். இன்னொரு தடவ."

கடைசியில் அவன் கையைத் துடைத்துக்கொண்டே, "ஒண்ணே ஒண்ணுதான் மச்சான். ஒவ்வொரு தடவையும் போயிப் பச்சைய அமுக்கணும். அலுப்பா இருந்தா ஒரு குச்சியச் சீவி..." என்று ஆரம்பித்தான். அவனுக்கு அது கெட்ட எண்ணம் இல்லை, கைப்பழக்கம்.

"ஏலே" என்றாள் அவள். "இந்தப் பொத்தானுக்குப் பக்கத்துல குச்சியோட எவனாச்சும் வந்தீங்க, குச்சி அடுப்புக்குப் போகும். வந்தவனுக்குச் சோறு கெடையாது."

மூட்டைகள் மிஞ்சுவது நின்றது. தோளில் வீக்கம் மெல்ல வடிந்தது. அந்த ஸ்வெட்டரையும் அவள் எறியவில்லை. வீட்டிலிருந்த வேறு நிறக் கம்பளி நூலை வைத்துக் கையைப் பின்னிச் சேர்த்துக்கொண்டாள்.

அதன் பிறகு ஒரு மத்தியானம். நான் களத்தில் கொட்டையை விரித்துக்கொண்டிருந்தேன். மிசின் நின்றது. இப்போதெல்லாம் அது நிற்கும்போது வீட்டுக்குள்ளிருந்து அந்த 'டக்' கேட்கும். இருந்தாலும் ரிலே தட்டியதா, கரண்டு போனதா என்று எங்களுக்கு இன்றும் உடனே தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அவள் தொடையால் சிவப்புப் பொத்தானை ஒரு இடி இடித்தாள். ஸ்வெட்டர் கையை முழங்கைக்கு மேல் ஏற்றிக்கொண்டாள். உள்ளே கையை விட்டாள்.

கீழே ஓடைப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. பக்கத்துத் தோட்டத்துப் பம்ப் தானாக ஓட ஆரம்பித்தது. அதைத் தொடர்ந்து இன்னொன்று. எங்கோ ஒரு வீட்டில் டி.வி. கத்தியது. கரண்டு வந்துவிட்டது.

நான் கொட்டையை விரிக்கிற பலகையோடு அப்படியே நின்றேன்.

எங்கள் மிசின் சும்மா இருந்தது. அவள் கை முழங்கை வரை அதன் வாய்க்குள் இருந்தது. அவளும் பம்புச் சத்தத்தைக் கேட்டிருப்பாள். கையை எடுக்கவில்லை. அவசரப்படவும் இல்லை. வளையல் தகட்டில் பட்டுக் கிணுகிணுத்தது. ஒரு சின்னக் கல்லை வெளியே எடுத்து, வெயிலில் காட்டிப் பார்த்து, வாழைக்குள் விட்டெறிந்தாள்.

பிறகு பின்னிச் சேர்த்த கையில் விரல்களைத் துடைத்துக்கொண்டு சிவப்பைத் திருகி விட்டாள்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்றாள். "வெரசாப் போயிப் பச்சைய அமுக்குங்க. பழம் கெடக்கு."